பழைய கணிப்பொறியும் நம் பிள்ளைகளும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில், இளைஞர் கல்வி அரங்கில் நிகழ்த்திய உரை)



சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டுப் பணிகளை எடுத்துரைக்க என்னினும் தகுதி வாய்ந்த பெரியோர் பலர் இங்கே வீற்றிருக்கின்றனர். எனக்குத் தரப்பட்ட பொருள் சிறியது. பிறர் கழித்துவிட்ட பழைய கணிப்பொறிகளைக் கொண்டு இளைஞர் பிரிவின் அறையில் நாம் என்ன செய்துவருகிறோம் என்று கூறுமாறு செயலாளர் பணித்துள்ளார். பொருள் சிறியதாயினும் அதற்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. அதனை முதலில் எழுப்பியவர் நான் அல்லேன். எழுப்பிய பெரியவர் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார். அவருடைய இசைவைப் பெற்றே பேசுகிறேன்.

கோலார் தங்கவயலில் பிறந்தவர்க்கு நான் வரலாறு சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் இவ்வுரை மலரில் அச்சேறும் என்று கூறுகிறார்கள். வெளியூரார் படிக்கவும் கூடும். ஆகவே இரண்டொரு செய்திகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்த காலந்தொட்டு, வட ஆற்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்த நம் முன்னோர் இந்தப் பாறைக்குள் இறங்கி உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் கீழே சென்றது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இங்கே கொண்டுவரப்பட்டது. பெங்களூர் நகரம் 1905-இல்தான் மின்விளக்கைக் கண்டது. நம் ஊர் முந்திக்கொண்டது என்று பெருமை பேசுவோர் உண்டு. அந்த மின்சாரம் வந்தது சுரங்கத்திற்காக. சுரங்கத் தொழிலாளிக்காக அன்று. ஒரு புதுமை நம் ஊருக்கு வந்துவிட்டது என்பது வேறு, நம் வீட்டுக்கு வந்துவிட்டது என்பது வேறு. இதனை நூறாண்டுகளுக்கு முன்பே அனுபவித்து அறிந்தவர்கள் நாம்.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அந்த ஆண்டிலேதான் இச்சங்கம் பிறந்தது. அன்று முதல் நம் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து மாரிக்குப்பத்து ரயிலில் பெங்களூருக்குச் சென்று, இரவில் திரும்பி வருகிறார்கள். அங்கே கணிப்பொறி இல்லாத வேலை எங்கே இருக்கிறது? கிடங்கிலே கணக்கெழுதுபவனும், மருத்துவமனையிலே சீட்டுத் தருபவளும் பொறியின் முன்னேதான் அமர்கிறார்கள். பி.காம். தேறிய நம் மாணவன் ஒருவன் 2016-இல் ஓர் அலுவலகத் தேர்வுக்குச் சென்றான். தாளிலே எழுதச் சொல்லியிருந்தால் குறையின்றி எழுதியிருப்பான். பொறியிலே அடித்துக் காட்டச் சொன்னார்கள். எழுத்துகளைத் தேடித் தேடி ஒரு விரலால் அவன் இரண்டு வரி அடித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை என்று அவன் தாயார் என்னிடம் கூறி வருந்தினார்.

அதன் பிறகுதான் கணிப்பொறி அறை வேண்டும் என்று செயற்குழுவில் பேச்செழுந்தது. புதிய பொறி இருபது வாங்குவதற்குச் சங்கத்தின் ஈராண்டு வரவும் போதாது. பெங்களூர்க் கம்பெனிகள் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய பொறிகளைக் கழித்துவிடுகின்றன. கேட்டால் கொடுப்பார்கள் என்று நான் கூறினேன். அப்போது எழுந்தார் நான் முன்னே சொன்ன பெரியவர். சுரங்கத்தின் அடியிலே முப்பதாண்டு உழைத்தவர். அவர் சொன்ன சொற்களை அவர் சொன்னபடியே கூறுகிறேன்.

“பெரிய வீட்டுக் கொல்லையில நின்னு பழையதை வாங்கித் தின்ன காலம் போதாதாப்பா? அது வேணாம்னுதானே எங்க தாத்தா ஊரை வுட்டு வந்து குழிக்குள்ள எறங்குனாரு? இப்ப பெங்களூர்க்காரன் பழையதை நம்ம புள்ளைங்களுக்கு வாங்கித் தரப் போறியா?”

அவையில் ஒருவரும் பேசவில்லை. எனக்கும் மறுமொழி கிடைக்கவில்லை. 1927-இல் மகாத் மாநாட்டிலே அண்ணல் அம்பேத்கர் நம் மக்களுக்கு விடுத்த வேண்டுகோளும் இதுவேயன்றோ? செத்த மாட்டிறைச்சியை விடுங்கள், பிறர் வீசியெறியும் எச்சத்தைக் கையேந்தி வாங்காதீர்கள் என்றே அவர் கூறினார். அந்தக் கொள்கையிலே வளர்ந்தவர் அப்பெரியவர். அவரைப் பிற்போக்காளர் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும் குழு பெரும்பான்மையால் ஒப்புதல் தந்தது. நான் அலைந்து திரிந்து ஒரு கம்பெனியின் இசைவைப் பெற்றேன். 2017-இல் லாரி வந்தது. நாற்பது பொறிகள். கம்பெனியின் பெயர் எழுதிய துணியைக் கட்டி, நம் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் பெட்டிகளைத் திறந்து பார்த்தோம். தகவல் பாதுகாப்பு என்று சொல்லி எல்லாவற்றிலும் வன்தட்டைக் கழற்றியிருந்தார்கள்; அதையாவது முன்னரே அறிவித்திருந்தார்கள். ஆனால் பலவற்றில் நினைவகமும் இல்லை. சிலவற்றின் தாய்ப்பலகையிலே மின்தேக்கிகள் வீங்கி வெடித்திருந்தன. பன்னிரண்டு பொறிகளுக்கு மின்வழங்கிப் பெட்டியே எரிந்து போயிருந்தது. எலி கூடு கட்டிய பெட்டியும் ஒன்று இருந்தது. எல்லாவற்றையும் கழற்றி, ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி, நாற்பதிலிருந்து ஒன்பது பொறிகளை எழுப்பினோம். எஞ்சியவை ஓராண்டுக் காலம் நம் நூலகத்தின் தாழ்வாரத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. குப்பையை அகற்ற வேண்டிய செலவு அவர்களுடையது. அதனை நன்கொடை என்ற பெயரிலே நம் வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். பெரியவர் அந்தத் தாழ்வாரத்தைக் கடந்துதான் நாளும் செய்தித்தாள் படிக்க வருவார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் ஏதேனும் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இங்கே ஒரு செய்தியை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். அந்தக் குப்பையிலே தங்கம் இருக்கிறது என்று நம் பையன்கள் கண்டுகொண்டார்கள். தங்கவயல் பிள்ளைகள் அல்லவா! உண்மையும் அதுதான். மூடப்படும் காலத்தில் ஒரு டன்னுக்குச் சில கிராம் தங்கமே கிடைத்த சுரங்கம் நம்முடையது. கணிப்பொறிப் பலகைகளிலோ அதைப் போலப் பல மடங்கு உண்டு. அமிலத்தில் ஊறவைத்தால் பிரிந்து வரும் என்று இணையத்தில் பார்த்துவிட்டு, இருவர் வாளியும் வாங்கி வந்துவிட்டனர். நான் அறிந்து தடுத்தேன். சயனைடு மண்மேட்டின் தூசியை மூச்சிலே இழுத்து வளர்ந்த ஊர் இது. பழைய திரையகத்தின் கண்ணாடியிலே ஈயம் உண்டு. பலகையை எரித்தால் எழும் புகை நஞ்சு. தில்லியின் சீலாம்பூரில் இந்தத் தொழிலைச் செய்பவர்கள் ஏழைகளே. பிள்ளைகளும் அதிலே உண்டு. நாட்டின் கழிவை அள்ளும் வேலை இன்னொரு வடிவத்தில் நம்மிடம் வந்து சேர வேண்டுமா? பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்தாரிடம், வண்டி வாடகையை நாமே கொடுத்து, அத்தனையையும் ஒப்படைத்தோம்.

அந்த ஓராண்டில் நான் கற்றது ஒன்று. பெரியவர் சொன்னதிலே பாதி முற்றிலும் சரி. பொருள் பழையது என்பதில் இழிவு இல்லை. என்ன வருகிறது என்று கேளாமல், வேண்டாம் என்று சொல்லும் உரிமையை விட்டுவிட்டு வாங்கினோமே, அதிலேதான் இழிவு இருந்தது. ஆகவே செயற்குழு நிபந்தனைகளை எழுதியது. பொறிகளை நம் ஆட்கள் அங்கேயே சென்று இயக்கிப் பார்ப்பார்கள். நினைவகம் முழுவதும் உள்ளே இருக்க வேண்டும். வன்தட்டைக் கழற்றிக்கொள்ளலாம். இயங்காதவற்றை ஏற்கமாட்டோம். படம் எடுப்பதாயின் பொறிகளைப் படம் எடுக்கலாம், பிள்ளைகளை எடுக்கலாகாது. இந்தத் தாளைக் கண்டதும் இரண்டு கம்பெனிகள் பின்வாங்கின. ஒரு மேலாளர், “இலவசமாக வாங்குபவர்களுக்கு இவ்வளவா?” என்று கேட்டார். மூன்றாவது கம்பெனி மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டது. இன்று சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பெருநிறுவனங்கள் தங்கள் மின்னணுக் கழிவைப் பதிவு பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும்.

இனி, அந்தப் பொறிகள் எவ்வாறு உயிர் பெறுகின்றன என்பதைச் சொல்கிறேன். பொறி பழையதானால் மெதுவாகிவிடும் என்று மக்கள் நினைக்கிறார்கள். 2008-இல் ஒரு நொடியில் எத்தனை கணக்கைப் போட்டதோ, இன்றும் அந்தச் செயலி அத்தனையைப் போடுகிறது. கூடியது அதன்மேல் ஏற்றப்படும் சுமை. சுரங்கத்திலே கூண்டை இழுத்த சுழற்பொறியை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் வலிமை குறையவில்லை, ஆண்டுதோறும் கூண்டைத்தான் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். சிறிய கூண்டு ஒன்றை மாட்டினால் அது மீண்டும் ஓடும். அந்தச் சிறிய கூண்டுதான் எடை குறைந்த லினக்ஸ். வன்தட்டு இல்லாத இடத்திலே சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றை நாம் பொருத்துகிறோம். நாம் காசு கொடுத்து வாங்கும் உறுப்பு பெரும்பாலும் அது ஒன்றே. கடிகாரத்துக்கான வட்ட மின்கலத்தை மாற்றுகிறோம். நினைவகத்தை ஓர் இரவு முழுவதும் சோதனையிலே விடுகிறோம். இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்ட பொறிகளே பின்னர் மிகுதியாகத் தொல்லை தந்தன. பிறகு ஒரு விரற்கடை அளவுள்ள யு.எஸ்.பி. குச்சியிலிருந்து லினக்ஸை நிறுவினால் அரை மணியில் பொறி எழுந்துவிடும்.

இந்த மென்பொருளின் பிறப்பைச் சற்றே விரித்துரைக்க வேண்டும். பெரியவரின் கேள்விக்கு மறுபாதி விடை எனக்கு அங்கேதான் கிடைத்தது. 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், எவரும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து படிக்கலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம் என்ற கொள்கையோடு குனு என்னும் இயங்குதளத்தை ஆக்கப்போவதாக அறிவித்தார். 1989-இல் அந்த நான்கு உரிமைகளையும் காக்கும் உரிமப் பத்திரம் வெளிவந்தது. 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் லினக்ஸ் கருவை வெளியிட்டார். பின்னர் அதே உரிமத்தின் கீழ் அதனைக் கொணர்ந்தார். நண்பர்களே, இரவல் வேறு, உரிமை வேறு. கம்பெனி கொடுக்கும் இரும்புப் பெட்டி நன்கொடை. அதற்குள்ளே நாம் இடும் மென்பொருள் எவருடைய நன்கொடையும் அன்று; எவருடைய எச்சமும் அன்று. மேலைநாட்டுப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பயன்படுத்துவதும் நம் அறையில் இருப்பதும் ஒரே உரிமத்தின் கீழ் வந்தவை. “இதை நீ திறந்து பார்க்காதே” என்று சொல்ல அங்கே ஒருவனும் இல்லை. படிக்காதே, தொடாதே, உள்ளே வராதே என்ற சொற்களைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட நமக்கு இதன் அருமை பிறரைவிட நன்கு விளங்க வேண்டும். திருட்டுப் பிரதியான விண்டோஸை ஏற்றிக்கொண்டால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். நச்சுநிரல் வரும் என்பது ஒரு காரணம். நம் பிள்ளை தன் முதற் கல்வியை ஒளித்து மறைத்துப் பெற வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய காரணம்.

எழுத்துக் கருவி தம் கையிலே இருக்க வேண்டும் என்பதை இவ்வூர் முன்பே அறியும். அயோத்திதாசப் பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை இங்கிருந்துதானே அச்சிட்டு வெளியிட்டது? அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழை, அவர் மறைந்தபின் ஜி. அப்பாதுரையார் 1926 முதல் இங்கிருந்துதானே நடத்தினார்?

இங்கே என் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எடை குறைந்ததே சிறந்தது என்ற வெறியிலே, எல்லாப் பொறிகளிலும் மிக மிகச் சிறிய பப்பி லினக்ஸை ஏற்றினேன். ஆஸ்திரேலியாவில் 2003-இல் பிறந்த அருமையான படைப்பு அது. முழுவதையும் நினைவகத்திலேயே ஏற்றிக்கொண்டு, வன்தட்டு இல்லாமலும் ஓடும். எனக்குப் பெருமிதம் தாங்கவில்லை. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி சிறிது நேரம் பார்த்துவிட்டு, “அண்ணா, இது ஏழைங்களுக்குன்னு தனியா செஞ்ச கம்ப்யூட்டரா?” என்று கேட்டாள். பள்ளியிலும் கடையிலும் அவள் பார்த்த திரையைப் போல இது இல்லை. கருவி இயங்கினால் போதும் என்பது என் கணக்கு. பிறரோடு சமமாக அமர்கிறோம் என்ற உணர்வு வேண்டும் என்பது அவள் கணக்கு. அவள் கணக்கே சரி. மறுவாரம் எல்லாவற்றையும் மாற்றினோம். இரண்டு ஜி.பி.யும் அதற்கு மேலும் நினைவகம் உள்ளவற்றில் லுபுண்டு அல்லது எக்ஸ்.எஃப்.சி.ஈ. முகப்புள்ள லினக்ஸ் மின்ட். அதற்கும் குறைவானவற்றில் மட்டும் ஆன்டிஎக்ஸ். நல்ல பின்புலப் படமும் தெளிவான தமிழ் எழுத்துருவும் இட்டோம். இதனால் பொறிகள் சற்று மெதுவாயின. ஒரு பிள்ளையும் அதைக் குறை கூறவில்லை.

தமிழ் அடிக்க, 1999-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைக் கற்பிக்கிறோம். கன்னடமும் உடன் கற்பிக்கிறோம். இந்த மாநிலத்திலே வேலை தேடும் பிள்ளைக்கு அது இன்றியமையாதது. இணையம் இல்லாத நேரத்திலும் படிப்பதற்காகக் கிவிக்ஸ் என்னும் மென்பொருளின் வழியே தமிழ் விக்கிப்பீடியாவை ஒரு பொறியில் இறக்கி வைத்திருக்கிறோம். உண்மையில் பழைய பொறியின் பகைவன் இயங்குதளம் அன்று, இணைய உலாவிதான். இயங்குதளம் அரை ஜி.பி.யில் அடங்கிவிடும், பையன்கள் உலாவியிலே பத்துப் பக்கங்களைத் திறந்தால் எந்த லினக்ஸும் காப்பாற்றாது. மூன்று பக்கத்திற்கு மேல் திறக்கலாகாது என்று சுவரிலே எழுதி ஒட்டியிருக்கிறோம். எவரும் மதிப்பதில்லை.

குறைகளும் உண்டு. கணக்கர் வேலைக்குக் கேட்கப்படும் டாலி மென்பொருள் விண்டோஸுக்காக ஆக்கப்பட்டது. ஆகவே உரிமம் பெற்ற விண்டோஸ் பொறி ஒன்றைத் தனியே வைத்திருக்கிறோம். அதன் முன்னே எப்போதும் வரிசை நிற்கிறது. லிப்ரே ஆபீஸிலே பழகிய பிள்ளை நேர்முகத் தேர்விலே வேறொரு திரையைக் கண்டு முதல் ஐந்து நிமிடம் திகைக்கிறான். திகைப்பு ஐந்து நிமிடமே. முன்னே சொன்ன மாணவனைப் போலத் தோற்று வீடு திரும்புவதில்லை. மேலும், 32 பிட் பொறிகளின் காலம் முடிந்துகொண்டு வருகிறது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, அவற்றில் நிறுவும் வசதியைக் கைவிட்டது. பயர்பாக்ஸும் 32 பிட் லினக்ஸுக்குப் புதிய பதிப்பு தருவதை அதே ஆண்டில் நிறுத்தியது. ஆகவே பழைய பென்டியம் பொறிகளை இனி நாம் ஏற்பதில்லை. எதற்கும் சாவு உண்டு.

ஆனால் இதே நேரத்தில் வேறொரு கதவு திறந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. ஏறத்தாழ 2018-க்கு முற்பட்ட இன்டெல் செயலிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. எட்டு ஜி.பி. நினைவகத்தோடு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொறிகளைக்கூட, இதன் காரணமாகவே பெங்களூர் அலுவலகங்கள் கழித்து வருகின்றன. இவற்றுக்கு எடை குறைந்த லினக்ஸ்கூட வேண்டியதில்லை. முழு லினக்ஸே தாராளமாக ஓடும். நம் நிபந்தனைத் தாளை எடுத்துக்கொண்டு போக வேண்டிய ஆண்டு இது.

நாம் தனியாகவும் இல்லை. பெங்களூர்ச் சேரி ஒன்றிலே, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைச் சேர்ந்த தன்னார்வலர்கள் அண்ணல் பெயரால் சமுதாயக் கணிப்பொறி மையம் அமைத்து, பிள்ளைகளுக்குக் கிம்ப் மென்பொருளில் ஓவியம் வரையக் கற்பித்தார்கள். கேரளத்துப் பள்ளிகளில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகளுக்கு லினக்ஸே இயங்குதளமாக அமைந்தது. விழுப்புரத்திலே லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்து இளைஞர்க்குப் பயிற்சி தருகிறார்கள். தமிழிலே இவற்றைக் கற்க விரும்புவோர்க்கு 2012-இல் தொடங்கப்பெற்ற கணியம் இதழ் துணைசெய்யும்.

பெரியவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு மாலையில் அவர் முதன்முறையாக அறைக்குள் வந்தார். நாற்காலியில் அமரவில்லை. தாம் குடியிருக்கும் சுரங்கத்து வீட்டின் உரிமை பற்றி மாவட்ட ஆட்சியாளர்க்கு ஒரு விண்ணப்பம் வேண்டும் என்றார். ஏழைகளுக்கான கம்ப்யூட்டரா என்று அன்று கேட்டாளே, அந்த மாணவிதான் பொறியின் முன்னே இருந்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவர் தமிழிலே சொல்லச் சொல்ல அவள் கன்னடத்திலே அடித்தாள். அடித்து முடித்ததும் தமிழிலே படித்துக் காட்டச் சொன்னார். ஓரிடத்தில், “கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்னு போட்டியாம்மா? அதை எடுத்துடு. கேட்டுக்கொள்கிறேன் போதும்” என்றார். அவள் எடுத்தாள். இரண்டு படி அச்சிட்டு வாங்கிக்கொண்டு, அச்சுக் கூலி எவ்வளவு என்று கேட்டார். சங்க உறுப்பினர்க்குக் கூலி இல்லை என்றேன். பத்து ரூபாயை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அறை நாள்தோறும் மாலை ஐந்து மணிக்குத் திறக்கப்படும். பெங்களூர் ரயிலில் வருவோரின் நலன் கருதி இரவு பத்து வரை மூடப்படுவதில்லை. ஞாயிறு காலையில் பழுதுபார்க்கும் வகுப்பு. திருப்புளி பிடிக்க விரும்பும் பெண் பிள்ளைகளையும் பெற்றோர் அனுப்பி வைக்குமாறு வேண்டுகிறேன். இப்போது ஐந்து மாணவியர் வருகிறார்கள். பத்துப் பேருக்கு இடம் இருக்கிறது.